எடை வரம்பில்லாத பிரிவு

பேரன் பேத்தி எடுத்த தோழிகளே,

பழைய மாணவியர் சந்திப்புக்கு மலர் போடுவதாகவும் ஆளுக்கொரு நினைவுக் குறிப்பு அனுப்பும்படியும் குழுவில் கேட்டிருந்தீர்கள். நான் எழுதுவதாக இல்லை. காலமெல்லாம் அரசாங்கத்துக்கு எழுதிக் கொடுத்துவிட்டு ஓய்வு பெற்றவள், இனி யாருக்கும் விளக்கம் எழுத வேண்டியதில்லை என்று நிம்மதியாக இருந்தேன். போன வாரம் உங்களில் ஒருத்தி அந்தப் பழைய போட்டோவைத் தேடியெடுத்துப் போட்டாள். பள்ளி மைதானம், தரையில் தார்ப்பாய், நடுவில் தூண் மாதிரி நான். என் சட்டையைப் பிடித்துக்கொண்டு தொங்கும் ஒல்லிப் பெண் ஒருத்தி. கீழே, "அப்பவே இன்னா திமிரு பாருங்கடி இவளுக்கு" என்று ஒரு வரி. அதற்குச் சிரிக்கிற முகங்கள் வரிசையாக வந்தன. நடுவில் ஒருத்தி கைகூப்பியிருந்தாள், எதற்கென்று அவளுக்கே தெரிந்திருக்காது.

ஆகவே இதைப் பதிலுரை என்று எடுத்துக்கொள்ளுங்கள். மலரில் இடமில்லை என்றால் குழுவில் போடுங்கள். குழுவிலும் போடமாட்டீர்கள் என்று தெரியும்.

ஒன்பதாம் வகுப்பில் நான் எப்படியிருந்தேன் என்று உங்களுக்கு ஞாபகமிருக்கும். எனக்கு நீங்கள் வைத்த பெயர்களும் ஞாபகமிருக்கும், அவற்றை இங்கே எழுதப்போவதில்லை. உயரத்தில் டீச்சர்களைத் தாண்டியிருந்தேன். பெஞ்சில் நான் உட்கார்ந்தால் மற்ற முனையில் இருப்பவள் எழுந்துகொள்வாள், அது ஒரு நாடகம், தினமும் நடக்கும். அந்த வருஷம்தான் டிரில் சார் மெட்ராஸில் ஏதோ முகாமுக்குப் போய் ஜூடோ கற்றுக்கொண்டு வந்தார். எதிராளியின் சட்டையைப் பிடித்து, நிலைகுலைய வைத்து, மல்லாக்கத் தள்ளுகிற வித்தை. கள்ளக்குறிச்சியில் அதுவரை எந்தப் பெண்ணும் அப்படி ஒன்றைப் பார்த்ததில்லை. நாங்கள் ஏழெட்டுப் பேர் சேர்ந்தோம். நானாகச் சேரவில்லை. சார் மைதானத்தில் என்னைப் பார்த்து, "ஏய் பெருசு, நீயும் வா, ஒன்னால ஆவற வேல ஒண்ணு இருக்குது" என்றார்.

ஜூடோவில் எடைவாரியாகப் பிரிவுகள் உண்டு. பள்ளியில் எடை பார்க்கும் மிஷின் கிடையாது. என் அப்பா வடக்கனந்தல் ரோட்டில் ஓர் அரிசி மில்லில் மூட்டைக்கு எடை போடுகிறவர். சார் எங்களை மில்லுக்கு நடத்திப்போய் மூட்டைத் தராசின் மேல் ஒவ்வொருத்தியாக ஏற்றினார். புழுங்கல் நெல் வேகிற வாடை, களத்தில் நெல் தள்ளும் பெண்கள், லாரியில் சாய்ந்து பீடி குடிக்கும் லோடுமேன்கள். நான் ஏறியதும் ஒருத்தன், "இன்னா கணக்கரே, சிப்பத்துக்கு கம்மியா ஜாஸ்தியா?" என்று கேட்டான். சிப்பம் என்றால் அரிசி மூட்டை. அப்பா முள்ளைப் பார்த்து, "கொஞ்சம் கம்மி" என்றார். களமே சிரித்தது. அப்பாவும் சிரித்தார். அந்தச் சிரிப்புக்காக அவரிடம் நான் வெகுகாலம் சரியாகப் பேசவில்லை, அவரும் அதைக் கவனித்ததாகத் தெரியவில்லை.

விரிப்புக்கு மில்லிலிருந்தே உமி கிடைத்தது. சாக்கில் உமி அடைத்து, பக்கம் பக்கமாக அடுக்கி, மேலே பழைய லாரித் தார்ப்பாயை இழுத்துக் கட்டினோம். வெயிலில் அந்தத் தார்ப்பாய் தோசைக்கல் மாதிரி காயும். சாக்கின் தையல் வழியாக உமி வெளியே வந்து கழுத்திலும் முழங்கையின் மடிப்பிலும் ஒட்டிக்கொள்ளும், குளித்தாலும் அரிப்பு போகாது. சட்டைகளை மைதா மாவு மூட்டைத் துணியில் பஜார் டெய்லர் பாய் தைத்துக் கொடுத்தார். என்னை அளவெடுத்துவிட்டு டேப்பைத் தோளில் போட்டுக்கொண்டு, "துணி கம்மிம்மா. ஒங்க சாரு எல்லாப் புள்ளைக்கும் ஒரே அளவுதான் குடுத்துக்கிறாரு. நான் இன்னா பண்ணட்டும், சொல்லு" என்றார். என் சட்டை முன்பக்கம் மூடவே மூடாது, உள்ளே யூனிஃபார்ம் மேல்சட்டையோடுதான் போட்டுக்கொள்வேன். முதுகில் மாவு மில்லின் சிவப்பு முத்திரை பாதி அழிந்தும் அழியாமலும் இருந்தது. அந்தச் சட்டை எங்கே போனதென்று தெரியவில்லை. வீட்டில் கரித்துணியாகியிருக்கும்.

போட்டோவில் தொங்குகிறவளைப் பற்றிச் சொல்ல வேண்டும். அவள் எட்டாம் வகுப்பு, வெள்ளிமலைக்கும் அப்பால் ஒரு ஊர், இங்கே ஹாஸ்டலில் தங்கிப் படித்தாள். அப்பா அம்மாவுக்கு மலையில் சாமைக்காடு. பள்ளிக்கூடம் திறக்கும்போது ஜீப்பில் கீழே இறங்கினால் பரீட்சை முடிந்துதான் மேலே ஏறுவாள். எங்களிலேயே எடை குறைந்தவள் அவள்தான். தராசில் அவள் ஏறியபோது அப்பா சின்னப் படிக்கல்லைத் தேடினார். யாரிடமும் அதிகம் பேசமாட்டாள், பேசினால் வெட்டுகிற மாதிரி பேசுவாள். உங்களில் பலருக்கு அவளைத் தெரியாது. ஹாஸ்டல் பிள்ளைகளோடு நாம் சேர்ந்து சாப்பிட்டதில்லை, அதையும் யாராவது மலரில் எழுதினால் நல்லது.

முதல் நாள் சார் எங்கள் இருவரையும் நடுவில் நிறுத்தினார். ஒரு கோடியில் நான், மறுகோடியில் அவள். அவளைத் தள்ளி நிற்கச் சொல்லிவிட்டு என் காதருகே வந்தார். வெற்றிலைப் பாக்கு வாடை.

"அவ புடிச்சி இழுத்தா நீ வுழுந்துடணும், புரிதா? மொதல்ல நீ வுழுந்து காட்டு. அப்பத்தான் இந்தச் சின்னதுங்களுக்கு பயம் தெளியும்."

நான் விழுந்தேன். மற்றவர்கள் கை தட்டினார்கள். மலைப் பெண் தன் கைகளையே திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

உத்தரவு போட்டவர் அதை ரத்து செய்யும்வரை அது அமலில் இருக்கும். அலுவலகத்தில் நான் பிற்பாடு படித்த பாடம் இது, உடம்பில் முதலிலேயே படித்துவிட்டேன். சார் ரத்து செய்யவில்லை. இரண்டாம் நாளும் விழுந்தேன், அடுத்த வாரமும் விழுந்தேன். சீக்கிரமே அப்படி ஓர் உத்தரவு போட்டதையே அவர் மறந்துபோனார். அவள் தூக்கிப் போடுகிறாள் என்று மனதார நம்ப ஆரம்பித்தார். ஏமாற்றுக்காரராக இருந்திருந்தால் எங்கே நிறுத்துவது என்றாவது தெரிந்திருக்கும்.

எனக்கு விழுவதைத் தவிர வேறு எதுவும் சொல்லித் தரப்படவில்லை. ஒருநாள் கேட்டேன், "சார், நானும் அந்த இடுப்புப் பூட்டு போட்டுப் பாக்கறன் சார்."

"ஒனக்கு இன்னாத்துக்கும்மா டெக்னிக்? ஒன் ஒடம்புதான் டெக்னிக். யார் மேலயாச்சும் ஏறி உக்காரு, முடிஞ்சிது கதை."

எல்லோரும் சிரித்தார்கள். நீங்களும்தான், சுற்றி வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தவர்கள். போட்டிக்குப் பெயர் கொடுக்கவும் என்னைச் சேர்க்கவில்லை, இந்த எடையில் மாவட்டத்தில் எதிராளி கிடைக்கமாட்டாள் என்றார். ஆக, பலமிருப்பவளுக்கு வித்தை தேவையில்லை, வித்தையிருப்பவளுக்குப் பலம் தேவையில்லை. இந்தத் தத்துவத்தை இன்றும் விற்கிறார்கள். போன மாதம் பேத்தியை விடப்போன கராத்தே வகுப்பில் கறுப்பு பெல்ட் கட்டிய ஒரு பையன் இதையே மைக்கில் சொன்னான். பெற்றோர்கள் தலையாட்டினார்கள். அப்படியானால் எதற்குத் தம்பி எடைவாரியாகப் பிரித்துப் போட்டி வைக்கிறீர்கள் என்று கேட்டேன். "ஆன்ட்டி, அது ரூல்ஸ்" என்றான்.

சாருக்கு எங்கள் ஜோடி ஒரு காட்சிப் பொருளாகிவிட்டது. சுதந்திர தினத்தில் போட்டோம். ஆண்டுவிழாவில் போட்டோம். உளுந்தூர்பேட்டையில் ஒரு பள்ளிக்கு பஸ்ஸில் போய்ப் போட்டோம். ஜூடோவில் விழும்போது உள்ளங்கையால் தரையை ஓங்கி அறைய வேண்டும், அப்போதுதான் அதிர்வு முதுகெலும்புக்குப் போகாது. நான் அறைகிற சத்தத்தைக் கூட்டம் என் எலும்பு முறிகிற சத்தம் என்று நினைத்து, "ஓ"வென்று கத்தும். திரும்பும்போது உளுந்தூர்பேட்டை கூட்டுரோட்டில் பரோட்டா சாப்பிட உட்கார்ந்தோம். சார் கடைக்காரரிடம் எங்கள் வீரப்பிரதாபத்தைச் சொல்ல, பக்கத்து மேசை லாரி டிரைவர் எட்டிப் பார்த்தார்.

"இன்னா சார் சொல்றீங்க? இந்தப் பாப்பாவா இத்தத் தூக்கிச்சு?"

"இத்தத்தான்."

"அட, நம்ம வண்டி பஞ்சராச்சுன்னா ஜாக்கியே தேவையில்லன்னு சொல்லு" என்றார் டிரைவர்.

மலைப் பெண் தட்டிலிருந்து நிமிர்ந்து முதல்முறையாகச் சிரித்தாள். நல்ல சிரிப்பு. அந்த நிமிஷம் அவளை எனக்குப் பிடித்துவிட்டது என்று எழுதினால் மலருக்கு அழகாக இருக்கும். எனக்கு அவள் மேல் எரிச்சல்தான் வந்தது. 'இத்த' என்றது என்னை.

மாசி மாதத்தில், அப்போது நம் மாவட்டத் தலைநகராயிருந்த கடலூரில், மாவட்டப் போட்டி வந்தது. மலைப் பெண்ணின் எடைக்குப் பிரிவே இல்லை, இருப்பதில் மிகக் குறைந்ததற்கும் கீழே இருந்தாள். சார் அதற்கு வழி கண்டுபிடித்தார். எடை வரம்பில்லாத பிரிவு ஒன்று உண்டு. யாரும் யாரோடும் மோதலாம். அதில் அவள் பெயரைப் போடுவதாகச் சொல்லிவிட்டு எங்களைச் சுற்றி உட்கார வைத்து உற்சாகமாக விவரித்தார். "கடலூர் காலேஜ்ல ஒருத்தி கீறா. மீன் கூடை தூக்கற வூட்டுப் பொண்ணு. போன வருஷம் எதிராளியோட தோள்பட்டையையே எறக்கிட்டா. அவளத் தூக்கிப் போடட்டும் நம்ம புள்ள, அப்பறம் பாரு பேப்பர்ல!"

அன்றைக்குத்தான் எனக்கு உறைத்தது. மலைப் பெண் இத்தனை மாதத்தில் ஒருமுறைகூட விழுந்ததில்லை. விழவே தெரியாது அவளுக்கு. விழும்போது தாடையை நெஞ்சோடு ஒட்டவேண்டும், கையை ஊன்றக்கூடாது, அறைய வேண்டும். இதெல்லாம் எனக்குத்தான் தெரியும். தன்னைப் போல இரண்டு மடங்கு இருப்பவள் அவளை நிஜமாகத் தூக்கி எறிந்தால் தலைதான் முதலில் தரைக்குப் போகும்.

முறைப்படி மேலிடத்துக்குப் போனேன். முதலில் சார்.

"சார், நானேதான் சார் வுழறன். நீங்கதான சொன்னீங்க."

"நான் எப்ப சொன்னன்?" அவர் நிஜமாகவே யோசித்தார். "பொறாம புடிச்சி ஆட்டுது ஒன்ன. ஒன் பேரு போடலைன்னு வவுறு எரியுது."

மறுநாள் பயிற்சியில் விழாமல் நின்று காட்டினேன். கெண்டைக்காலில் பிரம்பால் இழுத்தார். "வெளாட்டு காட்டாத. ஒழுங்கா பண்ணு." ஒழுங்காகப் பண்ணுவது என்றால் விழுவது. விழுந்தேன்.

பெரிய டீச்சரிடம் போனேன். நம் தலைமையாசிரியை சாக்பீஸ் டப்பாக்களை அலமாரியில் வைத்துப் பூட்டிக்கொண்டே கேட்டார். "அது வெளையாட்டு சமாச்சாரம்மா, டிரில் சார்தான் அதுக்குப் பொறுப்பு. நான் தலையிட்டா நல்லாருக்காது." பிற்காலத்தில் இந்த வாக்கியத்தைப் பல ஊர்களில் பல மேசைகளுக்கு இந்தப் பக்கம் நின்று கேட்டேன். மேசைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்தபோது ஒருமுறைகூடச் சொன்னதில்லை, அதனால் பதவி உயர்வு தாமதமானது.

அப்பா சோற்றைப் பிசைந்துகொண்டு, "வுழறதுதான, வுழுந்துட்டு வா. ஒனக்கு இன்னா நஷ்டம்?" என்றார்.

கடைசியாக அவளிடமே போனேன். ஹாஸ்டல் குழாயடியில் தட்டு கழுவிக்கொண்டிருந்தாள்.

"கடலூருக்குப் போவாத. நீ என்னத் தூக்கல. நானா வுழறன்."

சாம்பல் கையோடு நிமிர்ந்தாள். "அன்னிக்கு நின்னியே, அதுவா? வவுத்து வலின்னு சார் சொன்னாரு."

"சார் சொல்றது பொய்யி."

"நீ சொல்றதுதான் பொய்யி. எங்கூட்டுக்கெல்லாம் சொல்லி அனுப்பிட்டன். எங்கப்பா கடலூருக்கு வர்றன்னுக்கிறாரு." தட்டைத் திரும்பவும் தேய்க்க ஆரம்பித்தாள். "போக்கா. ஒன் ஒடம்பப் பாத்து எல்லாரும் பயந்துக்கினு இருந்தாங்க. இப்ப யாரும் பயப்படல. அதான் ஒனக்கு."

பாதி உண்மை. அதனால் இன்னும் கோபம் வந்தது.

கடலூருக்குப் பெயர் அனுப்பக் கடைசி நாளன்று கல்வி அதிகாரி பள்ளிக்கு வந்தார். அவர் கையெழுத்துப் போட்டால்தான் பெயர்கள் போகும். சார் மைதானத்தில் சாக்குகளை அடுக்கி, நாற்காலி போட்டு, எங்களை நிறுத்தினார். மொத்தப் பள்ளியும் சுற்றி உட்கார்ந்திருந்தது. போட்டோக்காரர் ஒருவரும் இருந்தார். இதிலிருந்து உங்களுக்கே ஞாபகம் இருக்கும், ஆனாலும் சொல்கிறேன், நீங்கள் பார்த்த இடத்திலிருந்து தெரியாதவற்றை.

அவள் என் சட்டையைப் பிடித்தாள். திரும்பினாள். இடுப்பை என் வயிற்றில் கொடுத்து இழுத்தாள். நான் வெறுமனே நின்றேன். வேறெதுவும் செய்யவில்லை, எனக்குத்தான் எதுவும் கற்றுத்தரவில்லையே. அவள் மறுபடி இழுத்தாள். நீங்கள் சிரிக்க ஆரம்பித்தீர்கள். காலைத் தட்டினாள், தோளைத் தள்ளினாள், கடைசியில் சட்டையைப் பிடித்துக்கொண்டு தொங்கினாள். அப்போது எடுத்ததுதான் அந்த போட்டோ. அவள் மூச்சு என் கழுத்தில் சூடாக அடித்தது. முகத்தைப் பார்க்கக்கூடாது என்று எதிரே கொடிக்கம்பத்தைப் பார்த்துக்கொண்டு நின்றேன். நீங்கள் திமிர் என்றது அந்தப் பார்வையைத்தான்.

சார் தாங்கமுடியாமல் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தார். அவளை ஒதுக்கிவிட்டு அவரே பிடித்தார். "வுழுடி" என்று பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னார். பாவம், மெலிந்த மனிதர். அவருடைய இடுப்பு என் தொடையில் இடித்தது, அவ்வளவுதான். தார்ப்பாயில் அவர் கால் வழுக்கி, என் பெல்ட்டைப் பிடித்துத்தான் நிமிர்ந்தார். கூட்டத்தில் இப்போது சிரிப்பில்லை. கல்வி அதிகாரி கைக்குட்டையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "அந்தச் சின்னப் பொண்ணு பேரு வேணாம், எடுத்துடுங்க சார். எதுனா ஆயிடப் போவுது" என்றார். பெரிய டீச்சர், "நானும் அதத்தான் நெனச்சன்" என்றார்.

சார் எல்லோர் முன்னாலும் என்னை அறைந்தார், அது உங்களுக்கு ஞாபகமிருக்கிறதா என்று தெரியவில்லை, போட்டோவில் இல்லை. அன்றோடு என் ஜூடோ முடிந்தது. கடலூரில் அவள் கழுத்துக்கு எதுவும் ஆகவில்லை, ஏனென்றால் அவள் போகவில்லை. நடக்காத விபத்துக்குச் சாட்சியும் கிடையாது, கோப்பும் கிடையாது. அரசாங்கம் மாதிரிதான் நீங்களும், நடந்ததை மட்டும்தான் பதிவில் ஏற்றுவீர்கள். நடந்தது என்ன? ஒரு குண்டுப் பெண் ஒரு ஏழைப் பெண்ணின் வாய்ப்பைக் கெடுத்தாள்.

இனி உங்களில் யாருக்கும் தெரியாதது.

தண்டனையாக உமிச் சாக்குகளையெல்லாம் நானே சுமந்து பள்ளிக்குப் பின்னாலிருந்த கொட்டகையில் அடுக்க வேண்டும் என்றார் சார். பள்ளி விட்டு எல்லோரும் போயிருந்தார்கள். சாயங்கால வெயில் தகரத்தின் ஓட்டை வழியாக உள்ளே விழுந்து, அதில் உமித்தூசி மிதந்துகொண்டிருந்தது. கடைசி மூட்டையை வைத்துவிட்டுத் திரும்பினேன். வாசலில் அவள் நின்றாள். அழுது முடித்த முகம்.

"இத்தினி நாளும் நீயாத்தான் வுழுந்தியா?"

"அதான் சொன்னனே."

"எல்லா வாட்டியும்?"

"எல்லா வாட்டியும்."

உள்ளே வந்து என் சட்டையைப் பிடித்தாள். "இப்ப நெசமா நில்லு. வுழுந்த, கொன்னுடுவன்."

நின்றேன். அவள் சார் சொல்லிக் கொடுத்தபடியே இழுத்தாள், முடியவில்லை. திரும்பத் திரும்ப இழுத்தாள். நகம் என் கையைக் கீறியது. ஒருகட்டத்தில் எனக்கே பொறுக்கவில்லை. "மேல இழுக்காத. கீழ போ. என் எடை கீழதான கீது" என்றேன்.

"நீ வாய மூடு."

அவள் மறுபடி ஆரம்பித்தபோது எனக்கு அலுத்துவிட்டது. வீட்டுக்குப் போகவேண்டும், பசி, கன்னம் எரிந்தது. அவள் சட்டென்று என் கண்ணிலிருந்து மறைந்தாள். விறகுக் கட்டைத் தோளில் ஏற்றுகிறவர்கள் போல முட்டியை மடக்கி என் வயிற்றுக்குக் கீழே புகுந்து, தோளைக் கொடுத்து எழுந்தாள். என் கால் தரையை விட்டது. பிறந்ததிலிருந்து யாரும் என்னைத் தூக்கியதாக ஞாபகமில்லை. தகரக் கூரை ஒரு கணம் பக்கத்தில் வந்தது. அடுத்து நான் மூட்டைகளைத் தாண்டி வெறும் மண்தரையில் மல்லாந்து கிடந்தேன். நெஞ்சிலிருந்த காற்று மொத்தமும் போய்விட்டது.

அவள் என் தலைமாட்டில் நின்று மூச்சு வாங்கினாள். அவளாலேயே நம்பமுடியவில்லை. ஒரு நொடி, ஒரே நொடி, உளுந்தூர்பேட்டையில் பார்த்த சிரிப்பு அவள் வாயோரம் வந்தது. வந்ததும் அப்படியே நின்றுவிட்டது. குனிந்து என் முகத்தைப் பார்த்தாள்.

"இப்பவும் நீயாத்தான வுழுந்த?"

வாயைத் திறந்தேன். காற்று வரவில்லை. தலையை ஆட்டலாம் என்று பார்த்தேன், எந்தப் பக்கம் ஆடியதோ தெரியவில்லை. அவள் கொஞ்ச நேரம் காத்திருந்தாள். பிறகு கையிலிருந்த உமியைப் பாவாடையில் தட்டிக்கொண்டு, "தூ, பொய்க்காரி" என்று சொல்லிவிட்டு வெளியே போனாள். அந்த வருஷப் பரீட்சை முடிந்து மலைக்கு ஏறியவள் அடுத்த வருஷம் இறங்கவில்லை.

மூச்சு திரும்பியதும் முதல் வேலையாகப் பதில் சொன்னேன், சத்தமாகவே சொன்னேன், "இல்ல, நெசமாத்தான் போட்ட." கொட்டகையில் உமி மூட்டைகள்தான் இருந்தன.